நீலத்துக்கு அடியில்

சுரண்டுகிற தகட்டை வைத்து இரண்டு இழுப்பு இழுத்ததுமே சுவர் பத்தை பத்தையாக உதிர ஆரம்பித்தது. வெயில்முத்துவுக்கு அது பிடிக்கவில்லை. வேறு சுவராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். சுரண்ட விட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற சுவர்கள் எத்தனையோ உண்டு, கை விட்டுப்போகும், நகக்கண்ணில் ரத்தம் கட்டும். இது என்னடாவென்றால் எப்போது தொடுவான் என்று காத்திருந்த மாதிரி கொட்டுகிறது. சாராள் டீச்சருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பக்கவாட்டுச் சுவர், கோவில்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, கிழக்குப் பார்த்தது, காலை ஒன்பது மணிக்கே பிடரியில் சுடுகிறது. மேலே வெள்ளை. வெள்ளையில் பத்து வருஷத்துக்கு முன்னால் பெயிண்டர் ஞானதுரை எழுதிய கறுப்பு எழுத்து. அதற்குக் கீழே எவனோ ஒரு சோப்புக் கம்பெனிக்காரன் சுவரை வாடகைக்குப் பிடித்து அடித்துவிட்டுப் போன நீலம். நீலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் யோசித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் அந்த ஞானதுரை. இன்னொருத்தன் இப்போது சாரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தகடு பிடித்திருக்கிறான், பிடித்த கை வேர்க்கிறது. வெயிலுக்கு வேர்க்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஜன்னலுக்கு உள்ளே ஒன்பது மணி பேட்ச் ஆரம்பித்துவிட்டது, ஏ எஸ் டி எஃப், ஏ எஸ் டி எஃப், வரி முடிந்ததும் ஒரு மணிச்சத்தம், திரும்ப முதலிலிருந்து.

மேலேயே அடித்துவிடலாம் என்று நேற்றே சொல்லிப் பார்த்தான். டீச்சர் கேட்கவில்லை. அடி வரைக்கும் சுரண்டித்தான் ஆக வேண்டும் என்று நின்றுவிட்டார். இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சொன்னால் பயந்துவிட்டான் என்று அர்த்தமாகிவிடும். யாருக்கு அர்த்தமாகும், டீச்சருக்கா? அந்தம்மாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தனக்குத்தான் அர்த்தமாகும். பயப்பட என்ன இருக்கிறது, நீலத்துக்கு அடியில் சுண்ணாம்பு இருக்கும், சுண்ணாம்புக்கு அடியில் செங்கல் இருக்கும், அவ்வளவுதான். ஞானதுரை அன்றைக்குச் சொன்னது பொய். பன்னிரண்டு வருஷமாக அது பொய். இன்றைக்கு மட்டும் எப்படி மெய்யாகிவிடும்? தகட்டைச் சாய்த்துப் பிடித்து நீளமாக ஒரு இழுப்பு இழுத்தான், வெள்ளையும் நீலமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்து மடியில் விழுந்தன. நீலம் அப்படியே இருந்தது, ஒரு துளி வெளுக்கவில்லை. கம்பெனிக்காரன் நல்ல பெயிண்டாகத்தான் அடித்திருக்கிறான்.

ஒரு புள்ளிக்காகத்தான் இத்தனையும். மெய்யெழுத்துக்கு மேலே வைக்கிறோமே, அந்தப் புள்ளி. எல்லாரும் உருண்டையாக வைப்பார்கள். வெயில்முத்துவின் புள்ளி உருண்டை கிடையாது, இடது பக்கம் சாய்ந்த வேப்பங்கொட்டை மாதிரி இருக்கும். பிரஷை ஒரே அமுக்கு, கொஞ்சம் திருகி, ஒரே தூக்கு. இரண்டாம் தடவை தொடக்கூடாது, தொட்டால் செத்துப்போகும். கட்டபொம்மன் சிலையிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்தப் புள்ளி நிற்கும். வெயில் புள்ளி என்றே பேர். ஓரத்தில் ‘வெயில் ஆர்ட்ஸ்’ என்று பேரும் வருஷமும் போடுகிறது வழக்கத்துக்காகத்தான், அதைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. சாத்தூரில் ஒரு டீக்கடையில் முகம் தெரியாத ஒருத்தர் அவன் சட்டையிலிருந்த பெயிண்டைப் பார்த்துவிட்டு, “நீங்க எழுதுத ஆளா? எங்களுக்கு அந்தப் புள்ளிக்காரர்தான் வேணும்” என்று அவனிடமே சொன்னார். அன்றைக்கு அவன் பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தான், உட்காரத் தோன்றவில்லை. அம்மா வைத்த பேர், அப்பா தந்த முகம், சாதி, தெரு எல்லாமே யாரோ கொடுத்தது. புள்ளி ஒன்றுதான் தானாகச் சம்பாதித்தது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. நினைப்பு என்ன நினைப்பு, அதில்தான் அவன் குடியிருந்தான்.

எப்படிப் பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறான், பெயிண்டர் சங்கத்து மலரில்கூட அச்சாகியிருக்கிறது. எண்பத்தொன்று பங்குனி. மண்ணெண்ணெய்க் கடை போர்டு. பிரஷ் பழசு, மயிர் பிரிந்து கிடந்தது, ‘ண்’ணுக்குப் புள்ளி வைக்கப் போக பிரஷ் தானாகத் திரும்பிக்கொண்டது. துடைக்கப் போனவன் துடைக்கவில்லை. நின்று பார்த்தான். உச்சந்தலையில் குளிர்ந்த தண்ணீர் விட்ட மாதிரி ஒன்று இறங்கியது, இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று கேட்டுக்கொண்டான். இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது. வார்த்தை பிசகாமல் அப்படித்தான் கேட்டான், மலரிலும் அப்படியே இருக்கிறது. இப்போது தகட்டை நிறுத்திவிட்டு அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது புதுசைப் பார்த்தவன் கேட்கிற கேள்வி மாதிரி இல்லையே. தொலைந்தது கிடைத்தவன் கேட்கிற கேள்வி மாதிரி அல்லவா இருக்கிறது? சீச்சீ, வெயிலில் உட்கார்ந்தால் புத்தி இப்படித்தான் போகும் என்று துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டான். உள்ளே மணி அடித்தது, வரி திரும்பியது.

இடது பக்கத்தில் நீலம் ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்தபோது கீழே கறுப்பாக ஏதோ தெரிந்தது. ஈரம் ஏறி ஓதம் பூத்த கறுப்பாக இருக்கும் என்று பார்த்தான். ஓதத்துக்கு ஓரம் இவ்வளவு சுத்தமாக இருக்காது. நகத்தால் கீறினான். எனாமல். நகத்தை விட்டுவிட்டுத் தகட்டின் முனையால், பல்லுக்குள் மாட்டினதை எடுக்கிற கவனத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக நீலத்தை நெம்பினான். கவனம் எதற்கு? சுரண்ட வந்தவன் சுரண்ட வேண்டியதுதானே. ஆனால் கை கவனமாகத்தான் போனது, கைக்கு யாரும் சொல்லவில்லை. ‘ள்’ என்ற எழுத்தின் முதுகு வந்தது. அதன் மேலே நீலம் ஒரு சில்லாகக் கழன்று விழுந்த இடத்தில் புள்ளி இருந்தது. இடது பக்கம் சாய்ந்த வேப்பங்கொட்டை. ஒரே அமுக்கு, கொஞ்சம் திருகல், ஒரே தூக்கு. இரண்டாம் தடவை தொடாதது. அவன் உடனே கீழே, ஓரத்தைப் பார்த்துச் சுரண்டினான், எங்கே பேர் போடுவார்கள் என்று அவனுக்குத் தெரியாதா. ‘துரை’ என்று வந்தது. பக்கத்தில் 78 என்று வந்தது. நெஞ்சு படபடவென்று அடிக்கும், கண் இருட்டும் என்றெல்லாம் எதிர்பார்த்துக் காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பஸ் வந்து நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது.

எண்பத்து நாலு ஆயுத பூஜை. சங்கத்து அறையில் பிரஷ்களையெல்லாம் கழுவிச் சந்தனம் வைத்து வரிசையாகப் படுக்கப் போட்டிருந்தார்கள், பொரிகடலை, வாழைப்பழம். அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு அவன்தான் எழுந்து சொன்னான், துரை அண்ணாச்சி என் புள்ளியை எடுத்து எழுதுதார், இது நியாயமா என்று கேளுங்க. திருட்டு என்ற வார்த்தையை அவன் சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள், அவன் மறுக்கவில்லை. ஞானதுரை அவனைவிட ஆறேழு வயசு மூத்தவர், அதிகம் பேச மாட்டார். “டைப்ரைட்டிங் சுவத்துல எழுபத்தெட்டுலயே வெச்சிருக்கேன்பா” என்றார். ஒருத்தன் “அங்க சோப்பு விளம்பரம்லா இருக்கு” என்றான். “நீலத்துக்கு அடியில இருக்கு” என்றார் அவர். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. எழுபத்தெட்டில் அந்தச் சுவரைப் பார்த்த மூத்த பெயிண்டர் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேரும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.  துரை சட்டைப் பையில் கையை விட்டு இருமல் மருந்து பாட்டிலின் மூடி ஒன்றை எடுத்தார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, வாங்கப் போகிற பாட்டிலுக்கு அடையாளம் காட்ட வைத்திருந்தார் போல. “சரி வெயிலு. இனி மூடிய வெச்சு வட்டம் போட்டுக்கிடுதேன். போதும்லா?” என்றார். அதற்கும் சிரித்தார்கள். வெயில்முத்துவும் சிரித்தான். அதிலிருந்து ஞானதுரையின் புள்ளி எல்லாம் உருண்டை, பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றுகூடச் சாயவில்லை. அதிலிருந்து இவன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்வான்.

சாராள் டீச்சர் பத்தரை மணிக்கு டம்ளரில் டீ கொண்டுவந்து சாரத்துக் கம்புக்குப் பக்கத்தில் நின்றார். ஐம்பத்தைந்து வயசிருக்கும், எப்போதும் கையில் ஸ்கேல். “பாத்தீங்களா அண்ணாச்சி, எப்படிப் பேந்து வருதுன்னு. நான் சொன்னேன்லா. துரை அண்ணன்ட்டதான் மொதல்ல கேட்டேன், எங்க சபைக்காரர்லா. எனக்கு வேண்டாம், வெயில கூப்பிடுங்கன்னுட்டாரு.”

“வேற என்ன சொன்னாரு?”

“அவன் கை நல்ல கை, ஆனா மேலேயே அடிக்க விட்ராதீங்க, சுவரு ஓதம் அடிச்சிருக்கு, அடி வரைக்கும் சுரண்டச் சொல்லுங்கன்னாரு. ஏன், சரியாத்தான சொல்லியிருக்காரு?”

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சுவர் ஓதம் அடித்துத்தான் இருக்கிறது, கீழ் இரண்டடி பொருமி நிற்கிறது, எந்தப் பெயிண்டரும் இதைத்தான் சொல்வான். அப்படியானால் அது தொழில் பேச்சு, அவ்வளவுதான். இல்லை, திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார், பன்னிரண்டு வருஷம் பையில் மூடியை வைத்துக்கொண்டு இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார். அப்படிப்பட்ட ஆளா அவர்? ஆள் எப்படிப்பட்டவர் என்று இவனுக்கு எப்படித் தெரியும், பேசினால்தானே தெரியும். நல்ல கை என்று சொல்லியிருக்கிறார். அது ஊசியா, இல்லை மெய்யாகவே சொன்னதா? டீயைக் குடித்தான், சீனி தூக்கலாக இருந்தது. டீச்சர் போகிற போக்கில், “உங்க புள்ளிய பெருசா வெச்சுருங்க, பஸ்ஸுல வாறவங்களுக்குத் தெரியணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் வருகிறவர்கள். டம்ளரைக் கீழே வைத்தபோதுதான் பஸ் ஸ்டாப்பைத் திரும்பிப் பார்த்தான், பார்த்திருக்க வேண்டாம். எதிரே சிமெண்டுக் கூரை, மூன்று தூண், நடுத்தூணில் ஒரு பையைச் சாய்த்துவிட்டு எவளோ ஒருத்தி நிற்கிறாள், நேராக இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு. வேறு எதைப் பார்க்க, இங்கே பார்க்கிறதற்கு வேறு என்ன இருக்கிறது? எழுபத்தொன்பதில் அந்த நடுத்தூண் அவனுடையது. பதினெட்டு வயசு. திருநெல்வேலியில் ஒரு பேனர் கம்பெனிக்குக் கலர் கலக்கப் போய்க்கொண்டிருந்தான், காலை ஆறேமுக்கால் பஸ். பஸ் எந்த நாள் சமயத்துக்கு வந்தது? அரை மணி, முக்கால் மணி நிற்பான், சாப்பாட்டுத் தூக்கைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு. நீலம் அடிக்கிற வரைக்கும் ஒரு வருஷம் இருக்கும். ஒரு வருஷம், தினமும், தூக்கம் கலையாத கண்ணோடு. அந்தச் சுவரில் என்ன எழுதியிருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பான், பொய்யும் இல்லை. கண் பார்த்துவிட்டு எங்கேயோ வைத்திருக்கிறது, கையிடம் சொல்லியிருக்கிறது, அவனிடம் சொல்லவில்லை. மண்ணெண்ணெய்க் கடை போர்டில் பிரஷ் தானாகத் திரும்பியது என்று ஊரெல்லாம் சொன்னானே, தானாக ஒன்றும் திரும்பவில்லை, அதற்கு வழி தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம்? உச்சந்தலையில் இறங்கியது? அதுவும் துரையுடையதா? அது மட்டும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாமா என்று பார்த்தான். சொல்லிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இசக்கி நினைவுக்கு வந்தாள். அவன் பெண்டாட்டி. கல்யாணத்தன்று மறுவீட்டில் வைத்து, சின்ன பிரஷை எடுத்துச் சாந்தில் தோய்த்து அவள் நெற்றியில் அந்தப் புள்ளியை வைத்தான், ஒரே அமுக்கு, ஒரே தூக்கு, அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளே தினமும் தீக்குச்சி முனையால் அப்படியே வைத்துக்கொள்கிறாள், பதின்மூன்று வருஷமாக. என்னக்கா பொட்டு கோணலா இருக்கு என்று கேட்கிறவர்களிடம் அவளுக்குப் பதில் சொல்லி முடியாது, சொல்வதில் அவளுக்கு ஒரு பெருமை. ஞானதுரை எத்தனை தடவை அவளைச் சந்தையில் பார்த்திருப்பார்? பார்த்து என்ன நினைத்திருப்பார்? நெற்றியில் இருக்கிறது யாருடையது என்று ஒரு நிமிஷம் அவனுக்குக் கிறுக்குத்தனமாக ஒரு பொறாமைகூட வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது, காது மடல் சூடாகிற அளவுக்கு வெட்கம். இவ்வளவு நேரத்தில் மெய்யாக வந்தது அது ஒன்றுதான்.

தகடு கையில்தான் இருந்தது. இரண்டே இரண்டு இழுப்பு. புள்ளிக்கு ஒன்று, பேருக்கு ஒன்று. அப்புறம் வெள்ளை அடித்துவிட்டால் ஆண்டவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சுரண்டச் சொன்னது அவர்தானே, சுரண்டியாகிவிட்டது, ஒன்றும் இல்லை அங்கே, சுண்ணாம்புதான் இருந்தது என்று சொல்லிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள், அதையும் யோசிக்க வேண்டும், யாரும் கேட்கக்கூடப் போவதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அது மறந்தே போயிருக்கும். தகட்டைப் புள்ளிக்கு மேலே வைத்தான். இரும்பு சுட்டது. உள்ளே எவனோ ஒரு பொடியன் தப்பாக அடித்துவிட்டுத் தாளை உருவுகிற சத்தம், டீச்சர் ஸ்கேலால் மேஜையைத் தட்டுகிற சத்தம். முப்பது மிஷின், முப்பது பேர், எல்லாருடைய எழுத்தும் ஒன்று போலவே இருக்கும். எவன் அடித்தது என்று யாரும் கேட்பதில்லை, அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், பரீட்சை எழுதி வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் யாரும் அடுத்தவனை எழுந்து நிற்க வைத்துச் சிரிக்க வைத்ததும் இல்லை. வெயில்முத்து தகட்டை எடுத்தான். புள்ளியையும் பேரையும் விட்டுவிட்டு அவற்றைச் சுற்றிச் சுரண்டினான். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. நல்ல புள்ளியாக இருந்தது. தொழில்காரன் கைக்கு அதைச் சுரண்ட வரவில்லை.

மத்தியானத்துக்குள் வெள்ளை காய்ந்துவிட்டது, நிழலும் வந்துவிட்டது. இரண்டு இடத்தில் மட்டும் வெள்ளை அடிக்காமல் விட்டிருந்தான், மேலே புள்ளிக்கு உள்ளங்கை அகலம், கீழே பேருக்குச் சாண் நீளம். ஒன்றரை அடி எழுத்து என்று பேச்சு. நூலைப் பிடித்துப் பார்த்தான், ஒன்றரை அடிக்குப் புள்ளி ஒத்து வரவில்லை. ஓரடிக்குக் குறைத்து, கோட்டை நாலு விரல் கீழே இறக்கி, சாக்கட்டி நூலை இழுத்துவிட்டான். இப்போது அவன் எழுதப் போகிற ‘ள்’ளுக்கு மேலே பழைய புள்ளி சரியாக உட்கார்ந்தது. மூன்று மணிக்கெல்லாம் எழுத்து முடிந்தது. சாராள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். எட்டுப் புள்ளி. ஒன்று இருக்கிறது, ஏழு வைக்க வேண்டும். பிரஷை எடுத்தான், எடுத்த மாத்திரத்தில் விரல்கள் அந்தத் திருகலுக்குத் தயாராகிவிட்டன, பதினைந்து வருஷப் பழக்கம், வேறு எதுவும் அவற்றுக்குத் தெரியாது. பிரஷைக் கீழே வைத்தான். ஜன்னலுக்குப் போய்க் கம்பியில் தட்டினான்.

“டீச்சர், ஒரு மூடி வேணும்.”

“என்ன மூடி?”

“எதுனாலும் சரி. பாட்டில் மூடி, டப்பா மூடி. ஓரம் நசுங்காம இருக்கணும்.”

டீச்சர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மிஷினுக்கு விடுகிற எண்ணெய் டப்பாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். தகர மூடி, எண்ணெய்ப் பிசுக்கு. வேட்டியில் துடைத்துச் சுவரில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே நிரப்பினான். முதல் புள்ளி வழிந்துவிட்டது. வழிந்ததைத் துணியால் ஒற்றி, திரும்ப வைத்தான். இவ்வளவு கஷ்டம் என்று அவன் நினைக்கவில்லை. ஓரத்தில் பிரஷ் நிற்க மாட்டேன் என்கிறது, மூச்சைப் பிடித்தால் ஓரம் நெளிகிறது, விட்டால் கோட்டைத் தாண்டுகிறது. உருண்டை தானே, எவனும் வைப்பான் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். ஏழாவது புள்ளி சுமாராக வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் துரை எத்தனை ஆயிரம் வைத்திருப்பார், ஒவ்வொரு தடவையும் மூடியைப் பையிலிருந்து எடுத்து, வைத்து, சுற்றி. ஒவ்வொரு தடவையும் என்னை நினைக்காமலா எடுத்திருப்பார்?

ஐந்து மணி பேட்ச் உள்ளே போய்க்கொண்டிருந்தபோது டீச்சர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், நடுத்தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். “எழுத்து நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சின்னதா போச்சு. அது என்ன அண்ணாச்சி, துரை அண்ணன் வைக்கது மாதிரி வட்டமா வெச்சிருக்கீங்க? உங்க புள்ளிக்குத்தான உங்கள கூப்பிட்டேன். மேல ஒண்ணு மட்டும் இருக்கு, அதுவும் பழசா தெரியுது.”

“அது என் புள்ளி இல்ல டீச்சர். துரை அண்ணாச்சி வெச்சது. எழுபத்தெட்டுல. கீழ பேரும் இருக்கு, பாருங்க.”

பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னது அவன் காதுக்கே புதுசாக இருந்தது. டீச்சர் குனிந்து பேரைப் படித்தார். “அப்ப உங்க புள்ளி?” என்றார். அவன் டர்பன்டைன் எண்ணெயில் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தான். இசக்கியும் இதையேதான் கேட்பாள், இன்றைக்குச் சொல்லிவிட்டால் நாளைக் காலையில் கண்ணாடி முன்னால் தீக்குச்சியை வைத்துக்கொண்டு நிற்பாள், எப்படி வைக்க என்று கேட்பாள்.   ஓரத்தில் வேறு பேர் எதுவும் எழுதாமல் சாரத்தைப் பிரித்துக் கம்புகளைச் சைக்கிளில் கட்டினான்.

“அண்ணாச்சி, அந்த மூடி. டப்பா தொறந்து கிடக்கு, எண்ணெய் சிந்தும்.”

“துணிய வெச்சு அடைச்சுக்கோங்க டீச்சர். மூடி எனக்கு வேணும்” என்று சொல்லி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.